ஐம்பதுக்கு நாற்பத்தொன்று

பகவதி விழுந்தது தெலுங்கு மாநிலத் தலைநகரில், ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குள், அவள் வேலை பார்த்த மருந்துத் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. 2011, பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. டேங்கர் லாரி ஒன்று ஒழுகவிட்டுப் போன எண்ணெயில் ஸ்கூட்டி வழுக்கி, பின்மண்டை தார்ச்சாலையில் போய் அடித்தது. ஹெல்மெட் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கை கால் முறியவில்லை, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவள் நினைத்துக்கொண்டதெல்லாம், இவ்வளவு சுத்தமான ஆஸ்பத்திரியா, டெட்டால் வாசனைகூட இல்லையே என்பதுதான்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்ததும் கணவன் பெருமாள் அடுப்பில் ரசம் வைத்தான். ஆவி எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. பகவதி அடுப்படியில் போய் நின்றாள். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தாள். ஒரு பல் பூண்டை நசுக்கி முகர்ந்தாள். பாத்ரூமுக்குப் போய் பினாயில் பாட்டிலைத் திறந்தாள். எல்லாமே பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தன.

காது மூக்கு தொண்டை டாக்டர் படம் வரைந்து காட்டினார். மூக்கிலிருந்து மூளைக்கு முடியைவிட மெல்லிய நரம்புகள் ஏறிப் போகின்றன. அடிபட்ட உலுக்கலில் அவை அறுந்திருக்கலாம். சிலருக்கு ஆறு மாதத்தில் திரும்பும், சிலருக்கு ஒரு வருடம் ஆகும்.

"மத்த சிலருக்கு?" என்று கேட்டாள் பகவதி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

இன்னொருவருக்கு இது இரண்டு நாள் வருத்தமாக இருந்திருக்கும். பகவதிக்கு அப்படியில்லை. அவள் தொழிற்சாலையில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு டேங்குகளில் பூஞ்சையை வளர்த்து மருந்து எடுப்பார்கள். ஒரு டேங்கில் வேண்டாத கிருமி நுழைந்துவிட்டால் சோதனைத் தட்டில் அது வளர்ந்து காட்ட இரண்டு நாள் ஆகும். பகவதி சாம்பிள் குப்பியின் மூடியைத் திறந்த உடனே சொல்லிவிடுவாள், ஏழாம் டேங்க் கெட்டுவிட்டது என்று. பன்னிரண்டு வருடத்தில் அது தப்பியதில்லை. மேனேஜர்கூட, ரிப்போர்ட் அப்புறம் வரட்டும், பகவதி மேடம் என்ன சொன்னாங்க என்று கேட்பார்.

இந்த மூக்கைத் தேடித்தான் நிகில் வந்தான். அமெரிக்காவில் ஆறு வருடம் இருந்துவிட்டு மாதாப்பூரில் மென்பொருள் வேலைக்குத் திரும்பியவன்; பெட்டி நிறைய பீர் காய்ச்சும் சாமான்களோடு திரும்பியிருந்தான். ஈஸ்டை எப்படிக் கெடாமல் வைத்திருப்பது என்று கேட்க, தெரிந்தவர் மூலமாக லேபுக்கு வந்தான். பேச்சு வளர்ந்து, மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மதியம் கொண்டாப்பூரில் அவன் ஃப்ளாட்டில் கூடும் கூட்டத்துக்குப் பகவதியும் போக ஆரம்பித்தாள். ஏழெட்டுப் பேர். எல்லோரும் கணிப்பொறிக்காரர்கள், வீட்டுச் சமையலறையில் தாங்களே பார்லியை வேகவைத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டு, புளிக்கவைத்து, பாட்டிலில் அடைத்துக் கொண்டுவருவார்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் போனில் அதற்குப் பெயர் சத்சங்கம்.

பகவதி ஒரு மடக்குக்கு மேல் எதையும் குடித்ததில்லை. ருசி பார்ப்பாள், மதிப்பெண் தாளில் எழுதுவாள். மணத்துக்கு இத்தனை, நிறத்துக்கும் நுரைக்கும் இத்தனை, சுவைக்கு இத்தனை, கூட்டினால் ஐம்பது. எழுதுவதோடு விடமாட்டாள். "பாத்திரத்த ஆறவிடும்போது மூடி வச்சிருக்கீங்க, வெந்த சோளம் மாதிரி அடிக்கி," என்பாள். கேட்டவன் வாயைப் பிளப்பான், பாத்திரத்தை உண்மையில் மூடித்தான் வைத்திருப்பான். பெருமாளுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு அடியில் நாளெல்லாம் நிற்கிறவன். மனைவியை அவனே சில ஞாயிறுகளில் பைக்கில் கொண்டுபோய் விடுவான். "எங்க வீட்டுல ஒரு கலால் இன்ஸ்பெக்டர்," என்று சிரிப்பான்.

விபத்துக்கு முந்தின மாதம் நிகில் ஒரு செய்தி சொல்லியிருந்தான். பெங்களூரில் ராஜாராமன் என்பவர் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பீர் விடுதி ஒன்று தொடங்குகிறார். தரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார். பட்டம் வேண்டாம், மூக்கு வேண்டும் என்கிறார். மார்ச் மாதக் கூட்டத்துக்கு வந்து உங்களைப் பார்க்கிறாராம். ஜூலையில் சேர வேண்டியிருக்கும்.

பகவதிக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லை. அதற்காகப் பார்த்த வைத்தியமெல்லாம் இரண்டு வருடம் முன்பே நின்றுபோயிருந்தது. அந்த வேலை அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. பெருமாளும் பெங்களூருக்கு மாற்றல் கேட்கிறேன் என்றான். விழுந்த பிறகும் அவள் மனக்கணக்கு இதுதான்: ஜனவரியிலிருந்து ஆறு மாதம் என்றால் ஜூலை. ஜூலைக்குள் வந்துவிடும். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

தினமும் விடியற்காலையில் பெருமாள் குளிக்கப் போகும் நேரம் டப்பாக்களை வரிசையாகத் திறப்பாள். கற்பூரம், மிளகு, காப்பித்தூள், ஓமம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைவிலிருந்து இழுத்துப் பார்ப்பாள். நினைவு வரும், வாசனை வராது. லேபில் இரண்டு தடவை பேசாமல் தட்டு வளரும்வரை காத்திருந்தாள். கேட்டவர்களுக்குச் சளி என்றாள். பிப்ரவரி கடைசியில் பெருமாள் சாப்பிடும்போது கேட்டான்.

"வாசன எதும் வந்துட்டா?"

"வந்துட்டு. லேசா வருது," என்றாள். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு ராஜாராமன் வந்தார். நரைத்த குறுந்தாடி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத மனிதர். பகவதிக்கு எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு நான்கு பீர். முதல் இரண்டையும் அவள் சமாளித்துவிட்டாள். நிகிலை முதலில் பேசவிட்டு, அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து, அவன் சொன்னதையே தன் வார்த்தையில் போட்டுச் சொன்னாள். நாக்கு மட்டும் கசப்பு, இனிப்பு, புளிப்பு என்று சொல்லியது. அதை வைத்துக்கொண்டு மீதியை இட்டுக்கட்டினாள்.

மூன்றாவது இருதயராஜுடையது. தூத்துக்குடிக்காரன், மென்பொருள் சோதிக்கிற வேலை, சத்தம் போட்டுப் பேசாதவன். இதற்கு முன்னால் நான்கு தடவை கொண்டுவந்து நான்கு தடவையும் பகவதியிடம் குட்டு வாங்கியிருந்தான். கடைசியாக வாங்கியது ஐம்பதுக்கு இருபத்திரண்டு. இந்தத் தடவை தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஈஸ்டர் வரை அவன் ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டான். அதனால் தான் காய்ச்சியதையே ருசி பார்க்காமல் கொண்டுவந்து, எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஊற்றும்போது நுரை ஒரு விரல்கடை அதிகமாக ஏறியதைப் பகவதி பார்த்தாள். வாயில் வைத்ததும் அடர்த்தியே இல்லாமல் தண்ணீராக ஓடுவதும் தெரிந்தது. இருக்கவேண்டிய இனிப்பு கொஞ்சம்கூட மிச்சமில்லை. கண்ணும் நாக்கும் சொன்ன அந்த இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்திருக்கலாம். மூக்கு இல்லாமல் அவற்றை நம்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இந்த மூன்றாவதுக்கு மட்டும் நிகில் முதலில் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

இருதயராஜ் தயங்கிக் கேட்டான். "அக்கா, நான் மோந்து பாத்தேன். கிராம்பு மாதிரி ஒரு வாட வருது. பத்து நாளைக்கு முன்னால இவ்வளவு இல்ல. அது சரிதானா?"

சரியில்லை. அவன் போட்டிருந்த ஈஸ்டுக்கும் அந்த வகைப் பீருக்கும் கிராம்பு வாசனை வரவே கூடாது. வந்தால் காட்டு ஈஸ்ட் ஏதோ உள்ளே நுழைந்திருக்கிறது, பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் சர்க்கரையை எல்லாம் தின்று வாயுவாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விபத்துக்கு முந்தைய பகவதி அதைக் கிளாஸ் கைக்கு வருமுன்பே சொல்லியிருப்பாள். இப்போது கிளாஸை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, எதிரே ராஜாராமன் முன்னால் குனிவதை உணர்ந்தபடி ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள். ஒன்றுமே இல்லை. கிராம்பு அதிகமா, லேசா, கூடவே மருந்து நெடி ஏதும் உண்டா, எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் யாரையாவது கேட்டால் தன் கதை முடிந்தது.

"வரலாம்," என்றாள். "வெயில் ஆரம்பிச்சிட்டுல்லா. சூட்டுல புளிச்சா அந்த ஈஸ்ட் லேசா மசாலா வாசன குடுக்கும். இதுக்கு அது எடுப்பாத்தான் இருக்கு."

தாளில் நாற்பத்தொன்று என்று எழுதினாள். அந்தக் கூட்டத்தில் அதுவரை யாருக்கும் முப்பத்தெட்டுக்கு மேல் கிடைத்ததில்லை. இருதயராஜ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியதை மறைக்கத்தான். மிச்சம் இருபத்தாறு பாட்டிலையும் ஈஸ்டருக்கு வைத்திருக்கப் போவதாக, ஊரிலிருந்து வரும் மச்சான்களுக்குக் கொடுக்கப் போவதாக நிகிலிடம் சொன்னான்.

ராஜாராமன் லிஃப்ட் வரை கூட வந்தார். "அவ்வளவு நிதானமா ஒருத்தர் மோந்து பாத்து நான் பாத்ததில்ல," என்றார். பத்து நாளில் வேலைக்கான கடிதம் வந்தது.

ஏப்ரலில் வெயில் நாற்பதைத் தொட்டது. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று மதியம் இரண்டரை மணிக்கு பகவதி லேபில் இருந்தபோது நிகில் கூப்பிட்டான். குரல் அவன் குரலாகவே இல்லை.

"இருதயராஜ் வீட்டுல பாட்டில் வெடிச்சிருச்சு. அவன் வொய்ஃபுக்குக் கண்ணுல."

ஆட்டோவில் அவள் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தது ஒன்றுதான், எந்தப் பாட்டில், எந்தப் பாட்டில் என்று. அவளுக்குத் தெரியும். அந்த நுரை கண்முன்னால் ஏறிக்கொண்டே இருந்தது. சிக்னலில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடுவது?

கண் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருதயராஜ் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தமும் பீரும். அவன் மனைவி ஜெசிந்தா ஆபரேஷன் அறையில் இருந்தாள். சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் ஏதோ படாரென்றது கேட்டு, என்ன விழுந்தது என்று பார்க்கக் கதவைத் திறந்து குனிந்திருக்கிறாள். இரண்டாவது பாட்டில் அவள் முகத்துக்கு நேரே வெடித்திருக்கிறது. சில்லு இடது கண்ணைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சோடா பாட்டில் என்று சொல்லியிருந்தார்கள்.

பகவதியைக் கண்டதும் அவன் எழுந்து நிற்கப் பார்த்தான். முடியவில்லை.

"எம்மேலதான்க்கா தப்பு," என்றான். "நீங்க நல்லாருக்குன்னுதான சொன்னீங்க. பாட்டில்ல அடைக்கும்போது நான்தான் சீனிய அளக்காம கூடப் போட்டிருக்கேன். என் கையாலயே அவ கண்ண..." தலையைச் சுவரில் முட்டினான். நிகில் பிடித்துக்கொண்டான்.

பகவதி வாயைத் திறந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான், ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறாள் என்பதுபோல. உண்மையைச் சொல்ல அவளால் முடியவில்லை. வேறொன்றுதான் வெளியே வந்தது.

"மிச்ச பாட்டில் எங்க?"

"உள்ளயேதான் இருக்கு. இருபதுக்கு மேல இருக்கும்."

"அந்த ரூமுக்குப் பக்கத்துல என்ன?"

"அடுப்படி." அவன் கண் விரிந்தது. "கேஸ் சிலிண்டர் அந்தச் சுவத்துக்கு இங்கிட்டு இருக்கு. எங்க பாப்பா பக்கத்து ஃப்ளாட்டுல..."

சாவியை வாங்கிக்கொண்டு அவள் இறங்கினாள். வாசலில் நின்று பெருமாளுக்குப் போன் போட்டாள். அழாமல் சொல்லி முடிக்க இரண்டு தடவை ஆயிற்று. பெருமாள் ஏன் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. "நான் வாரவரைக்கும் அந்தக் கதவத் தொறக்காத. பக்கத்து வீட்டு ஆளுகள மட்டும் கீழ எறக்கு," என்றான்.

இருதயராஜ் வீட்டு வாசலுக்கு அவன் வந்தபோது மணி ஐந்து. பைக்கின் முன்னால் ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்பவர்கள் போடும் முகக்கவசம் இரண்டு, தோல் கையுறை, தோல் ஏப்ரன். பின்னால் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டி. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஓடி வந்து, என்ன ஆச்சு, போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். "க்யா ஹுவா சாப்? போலீஸ்கு போன் கரூம்?"

"நக்கோ பாய். சோடா பாட்டில் ஃபூட் கயா, பஸ்," என்று, வேண்டாமெனக் கையாட்டி, வெடித்தது சோடா பாட்டில்தான் என்று சொல்லிக்கொண்டே பெருமாள் படியேறினான்.

முதலில் சிலிண்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தான். பிறகு சாமான் அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தார்கள். உள்ளே சூடு அடுப்புக்குள் போல இருந்தது. தரை முழுக்கக் கண்ணாடி. அரிசி டின் மேல் ரத்தக் கை அச்சு. அவர்கள் நிற்கும்போதே மூலையில் இன்னொன்று வெடித்தது. சில்லுகள் கவசத்தில் வந்து தெறித்தன. பகவதி ஐஸ் சாக்கைக் கதவருகே இழுத்தாள்.

"குளுந்தா அழுத்தம் கொறயும்," என்றாள். ஐஸை உடைத்து வாளியில் கரைத்துக் கதவோரம் நின்றபடியே குவளை குவளையாக ஊற்றினார்கள். மேலே நனைந்த சாக்குகளை வீசிப் போர்த்தினார்கள். அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு பெருமாள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குனிந்து ஒரு பாட்டிலைச் சாக்கோடு சேர்த்து எடுத்தான். பகவதி ஓப்பனரை வைத்து மூடியை நூலளவு நெம்பினாள். சீறல். பாட்டிலில் இருந்ததெல்லாம் சாக்கு வழியாகப் பொங்கி அவர்கள் இருவர் மேலும் வழிந்தது. காலியானதை ஓரமாகப் படுக்கவைத்தார்கள். அடுத்தது.

நாலாவது பாட்டிலில் பெருமாள் கவசத்தை உயர்த்தி முகத்தைச் சுளித்தான்.

"என்ன இது, கிராம்பு வாட மூக்கத் தொளைக்கி. பல்டாக்டர் கிட்ட போன மாதிரி."

பகவதியின் கை நின்றுவிட்டது. பீர் என்றால் என்னவென்றே தெரியாதவன். வாழ்க்கையில் ஒரு மடக்கு குடிக்காதவன். அவனுக்குத் தெரிகிறது. அவள் கையிலும் சேலையிலும் அதே பீர் வழிந்துகொண்டிருந்தது, அவளுக்குத் தண்ணீர்.

"எனக்கு வரல," என்றாள்.

"என்ன வரல?"

"வாசன. ஜனவரியில போனது போனதுதான். அந்தப் பையன் கேட்டான்ங்க, கிராம்பு வருதே சரியான்னு. நான் சரின்னு சொன்னேன். நாப்பத்தொண்ணு போட்டேன்." ஓப்பனர் கீழே விழுந்தது. "அவன் நெனச்சிட்டிருக்கான், சீனி கூடிப்போச்சுன்னு. செவுத்துல முட்டிக்கிடுதான்."

பெருமாள் கையிலிருந்த பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்தான். கவசத்துக்கு அடியில் அவன் முகம் வியர்த்துக் கொட்டியது.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"உனக்கு வரலன்னு. மாசி மாசம் ஒருநா தேங்காச் சட்னி கெட்டு, வீடே நாறுது. நீ ரெண்டாவது தடவ ஊத்திக்கிட்ட. அன்னைக்கே தெரியும். நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். பெங்களூரு பெங்களூருன்னு உன் மொகம் மலந்து கெடக்கு, நான் எப்படிக் கேக்க?" அவன் பாட்டிலை மறுபடி எடுத்தான். "உன்ன அந்தக் கூட்டத்துக்கு வண்டியில கொண்டு விட்டதே நான்தானட்டி."

பத்தொன்பது பாட்டில் இன்னும் மிச்சமிருந்தது. இருவரும் பேசாமல் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முடித்து, கண்ணாடியைக் கூட்டி அள்ளி, தரையைக் கழுவி, பக்கத்து வீட்டுக்காரர்களை மேலே வரச் சொன்னபோது விளக்கு வைத்துவிட்டார்கள். இருதயராஜின் மகளை ஒரு தெலுங்கு அம்மாள் இடுப்பில் வைத்திருந்தாள். இரண்டு வயது இருக்கும். பகவதியின் ஈரச் சேலையைத் தொட்டுவிட்டு அது மூக்கைப் பொத்திக்கொண்டது.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையிலேயே பகவதி ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெருமாள் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். ஜெசிந்தா கட்டிலில் கண்ணில் கட்டோடு சாய்ந்திருந்தாள். ஒல்லியான பெண், முப்பதுகூட ஆகியிருக்காது. இருதயராஜ் பக்கத்தில் அமர்ந்திருந்தான். அவனுக்கு அன்று உபவாசம், உதடு காய்ந்திருந்தது.

பகவதி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். விழுந்தது, மூக்கு போனது, மறைத்தது, பெங்களூர் வேலை, கிராம்பு, எல்லாம். சீனி கூடியதால் அல்ல என்றும் சொன்னாள். அந்த வாசனையை நான் பிடித்திருந்தால் அன்றைக்கே பாட்டில்களைத் திறந்து கொட்டச் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். ஜெசிந்தாவின் கட்டைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

இருதயராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். அடித்துவிடுவான் என்று நினைத்தாள்; அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவன் பையைத் துழாவி, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். அவள் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் தாள். இதுவரை பர்ஸில் வைத்திருந்திருக்கிறான். அதை அவள் காலடியில் போட்டான்.

"நான் நேத்து ராத்திரி பூரா சாவணும்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றான். "போங்க."

ஜெசிந்தா மட்டும் கேட்டாள். "ஏன்க்கா? தெரியலன்னு ஒரு வார்த்த சொல்ல அவ்வளவு கஷ்டமா?"

பகவதி குனிந்து தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றே ராஜாராமனுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னாள். அவர், "அன்னைக்கு எனக்கும் கிராம்பு அடிச்சுது. நீங்க சொன்னதும் எனக்குத்தான் தெரியலன்னு விட்டுட்டேன்," என்றார். போனை வைத்துவிட்டார். திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. லேபிலிருந்து எடுத்து ஆவணப் பிரிவில் போட்டார். பன்னிரண்டு வருடம் அவளைக் கேட்டு டேங்கைத் திறந்தவர்கள் தாழ்வாரத்தில் எதிரே வந்தால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு போனார்கள். சத்சங்கம் கலைந்துபோனது. நிகில் சாமான்களையெல்லாம் குப்பை வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

ஜூலை வந்தது, மூக்கு வரவில்லை. அவள் டப்பாக்களைத் திறப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

ஆகஸ்டில் ஒரு மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். ஜெசிந்தா.

"அவர ஆபீசுல புனேக்கு அனுப்பிட்டாங்க. எங்கம்மா வந்திருக்கா, பாப்பாவப் பாத்துக்கிடுவா. நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஆபரேஷன். கூட ஒரு ஆள் வேணும்னு சொல்லுதாங்க. மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கிடாதீங்க. இந்த ஊர்ல எனக்குத் தமிழ் பேசுற ஆளு வேற யாரத் தெரியும்? டாக்டர்கிட்டப் பேச உங்களுக்குத் தெரியும்."

"வாரேன்," என்றாள் பகவதி.

மறுநாள் ஆறரை மணிக்கே போய்விட்டாள். இரண்டு கண்ணிலும் மருந்து விட்டிருந்தார்கள்; ஜெசிந்தாவுக்கு வெளிச்சம் கூசி எதையும் பார்க்க முடியவில்லை. பகவதி அவள் முழங்கையைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிவந்தாள். முதலில் அந்தக் கை விறைத்தது, பிறகு விட்டுக்கொடுத்தது. நர்ஸ் ஆறு பக்கச் சம்மதப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் குறித்துவிட்டுப் போனாள்.

"வாசிங்க," என்றாள் ஜெசிந்தா.

"இங்கிலீஷ்ல இருக்கு. சுருக்கமாச் சொல்லட்டுமா?"

"சுருக்கம் வேண்டாம். உள்ளது பூராம் வாசிங்க. தமிழ்ல சொல்லுங்க."

பகவதி வாசித்தாள். மயக்க மருந்தைப் பற்றி, தொற்று வரக்கூடிய வாய்ப்பைப் பற்றி, அழுத்தம் கூடினால் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னாள். ஒரு சொல் அவளுக்குப் புரியவில்லை. "இது எனக்குத் தெரியல, கேட்டுட்டு வாரேன்," என்று எழுந்துபோய் நர்ஸிடம் கேட்டு வந்து சொன்னாள். நான்காம் பக்கத்தின் நடுவில் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, அந்த வரியில் மறுபடி விரலை ஓட்டினாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் ஜெசிந்தா, கண்ணை மூடியபடி.

"இந்த ஆபரேஷனுக்குப் பெறகும் அந்தக் கண்ணுல பார்வ திரும்பாமலே போகலாம்னு போட்டிருக்கு. திரும்புற வாய்ப்பு கம்மிதான்னு போட்டிருக்கு."

ஜெசிந்தாவின் விரல்கள் மடியில் கிடந்த துப்பட்டாவைச் சுருட்டின. பக்கத்து வரிசையில் யாரோ ஒரு கிழவரைத் தெலுங்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சரி," என்றாள். "அடுத்தது வாசிங்க."